தைத்த காது

பொன்னாத்தாள் காதை அறுத்துக்கொண்டு வந்த அமாவாசையன்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சாயங்கால அடுப்புப் பற்றவில்லை. பற்றவைத்த வீடுகளிலும் களி தீய்ந்துதான் போயிற்று. என் வீட்டுக் களியும் தீய்ந்தது, அதை நான் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு கூத்து நடக்கிறபோது அடுப்படியில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க நான் என்ன கல்லா?

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது இடுப்பு உயர மண்சுவர். பாவாயி எட்டிப் பார்க்கிறாள் என்று என்னைச் சொல்லுகிறவர்கள் அந்தச் சுவரை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எட்டவே வேண்டாம். நிமிர்ந்து நின்றால் போதும், அவர்கள் சட்டியில் கொதிப்பது அவரையா தட்டைப்பயறா என்று தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் மூன்று பேர். சென்னியம்மாள், அவள் மகன் மயில்சாமி, மருமகள் பொன்னாத்தாள். மூன்று பேர் என்பது பேச்சுக்குத்தான். மயில்சாமி சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் இருந்தான். கணக்குப்பிள்ளை உத்தியோகம் என்று சென்னியம்மாள் கிணற்றடியிலும் சொல்லுவாள், கோயிலிலும் சொல்லுவாள், கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். அமாவாசைக்கு மண்டி அடைப்பு. அன்றைக்கு மட்டும் வருவான். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவான். யுத்த காலம், பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்களெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. ஏறும்போது சிவப்பாக ஏறியவர்களும் இறங்கும்போது கறுப்பாக இறங்குவார்கள்.

மாதத்துக்கு ஒருநாள் வந்துபோகிற புருஷனை வைத்துக்கொண்டு பிள்ளை எங்கே பிறக்கும்? அது யாருக்கும் புரியவில்லை. "வயித்துல ஏதாச்சும் உண்டா அம்மணி?" என்று பொன்னாத்தாளைக் கேட்காத பொம்பளை எங்கள் ஊரில் இல்லை. சென்னியம்மாளே நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்பாள். பொன்னாத்தாள் எருமைக்குத் தீவனம் போட எழுந்து போய்விடுவாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மயில்சாமி அவளைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு அவன் வந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு இது.

"என்னையுங் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வேளை சோறாக்கிப் போட்டுட்டு ஒரு மூலையில கெடக்கறேன்."

"கெடப்ப. செவ்வாய்ப்பேட்டைப் பொம்பளைங்களை நீ பாத்திருக்கியா? காது இத்தினிக்குத்தான். அதுல ஒரு கம்மல். சேலத்துல சினிமா நோட்டீஸ்ல போடறாங்களே, அந்தாட்டம். நீ இந்தத் தண்டட்டியை ஆட்டிக்கிட்டு எம் பின்னால வந்தீன்னா மண்டிக்காரன் சிரிப்பான்."

"கழட்டி வெச்சுட்டு வாரனுங்க."

"கழட்டிட்டா? தொங்கற தொங்கலை என்ன பண்ணுவ? மடிச்சுக் கொண்டையில சொருகிக்குவியா?"

அவள் ஆடின தண்டட்டியைக் கையால் பிடித்து நிறுத்தினாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தத் தொங்கலைப் பார்த்துத்தான் இவளைப் பெண் எடுத்தார்கள். பெண் பார்க்கத் தம்மம்பட்டிக்குப் போன வண்டியில் நானும் இருந்தேன். மூக்கு கொஞ்சம் சப்பை, நிறம் மட்டம். ஆனால் காது தோளில் வந்து இடித்தது. சென்னியம்மாள் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, காதுத் துளைக்குள் விரல்களை விட்டுப் பார்த்து, "நாலு வெரலும் போவுது, இது காது" என்றாள். அந்த இடத்திலேயே உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணிக்கொண்டார்கள். தன் மாமியாரும் பிறகு தானும் போட்டிருந்து, புருஷன் போனதும் கழற்றிவைத்த பொன் தண்டட்டியை எடுத்துவந்து மருமகள் காதில் மாட்டினாள். பார் பார் என்று பார்த்தோம். அப்படி ஒரு காது எங்கள் ஊருக்கு அதற்கு முன்னால் வாழ்க்கைப்பட்டு வந்ததில்லை.

புரட்டாசியில் பொன்னாத்தாள் அண்ணன் ஊரில் பொங்கல் வைக்கிறார்கள் என்று சொல்லித் தம்மம்பட்டிக்குப் போனாள். அங்கே அண்ணன் மணியன், அவன் பெண்டாட்டி முத்தாயம்மாள், இவளுக்கு நங்கை. பொங்கலாவது மண்ணாங்கட்டியாவது. மணியன் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போன சமயம் பார்த்து நங்கையும் நாத்தியும் ஆத்தூர் வழியாகச் சேலத்து டாக்டர் ஒருவரிடம் போய்விட்டார்கள்.

அங்கே நடந்ததை முத்தாயம்மாளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் வறுத்துவைத்த கடலைக்காய் ஒரு முறத்தைத் தீர்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த டாக்டருகிட்ட வாரத்துக்கு நாலு பேரு இதுக்குன்னே வாராங்களாம் பாவாயக்கா. எல்லாம் நம்மாட்டம் பொம்பளைங்கதான்."

"அறுக்கறதுக்கா?"

"அறுத்துத் தெக்கறதுக்கு. ஊசி போட்டாங்க, காது மரத்துப்போச்சு. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டுது. வெத்தலைக் காம்பு கிள்ளறாப்பல. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அவ மூடல."

"அறுத்த துண்டு?"

"பீங்கான் தட்டுல போட்டாங்க."

"பொறவு?"

"பொறவென்ன. குப்பைக்குத்தான்."

என் கை தானாக என் காதுக்குப் போயிற்று. துளையில் பருத்தி அடைத்து, ஓலைச்சுருள் வைத்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, நான் அழ அழ என் அம்மா விளக்கெண்ணெய் தடவி நீட்டிவிட்ட சதை இது. ராத்திரி ஒருக்களித்துப் படுக்க முடியாமல் மல்லாந்தே வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் எல்லாப் பெண்ணும் அப்படித்தான் வளர்ந்தாள். அந்தச் சதை சேலத்தில் ஒரு பீங்கான் தட்டில் கிடந்து குப்பைக்குப் போகிறது, அதுவும் வாரத்துக்கு நாலு பேருடையது. எனக்கு அந்தக் கடலைக்காய் தொண்டையில் இறங்கவில்லை. முத்தாயம்மாளுக்கு இறங்கிற்று.

"அந்தத் தட்டை இங்க கொண்டாங்கன்னு கேட்டு வாங்கி உத்துப் பாத்தாக்கா. எனக்கு மசக்கையாட்டம் கொமட்டுது. அவ என்னமோ சந்தையில சுரைக்காய் பாக்கறாப்பல பாக்கறா. பாத்துட்டு, 'இதுக்குத்தானுங்களா நங்கை இத்தனை பேச்சு'ன்னு கேட்டா."

தையல் போட்டு, காதையும் தலையையும் சேர்த்துத் தாடைக்கு அடியில் வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார்கள். எட்டாம் நாள் தையல் பிரிக்கத் திரும்பி வரவேண்டும். அதுவரைக்கும் அண்ணன் வீட்டில் இருந்துகொள்வது, காது ஆறியபிறகு துளை குத்திக் கம்மல் போட்டுக்கொண்டு புருஷன் முன்னால் போய் நிற்பது. இதுதான் அவள் போட்ட திட்டம். நல்ல திட்டந்தான். மணியனை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

மணியன் மாட்டோடு வந்து தங்கையைப் பார்த்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பொழுதோட கெளம்பு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது? தண்டட்டிக்கு ஆசைப்பட்டு அண்ணங்காரன் காதை அறுத்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா? மூளிக் காதோட நீ எங்கூட்டுல ஒரு நாள் இருக்கப்படாது."

மறுநாள் அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். ஆனாலும் அண்ணன் அண்ணன்தான். காதுக் கட்டின்மேல் கரி படாமல் இருக்கட்டும் என்று தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவள் தலைமேல் முக்காடாகப் போட்டுவிட்டான். அந்தத் துண்டுதான் எங்கள் ஊரைக் கவிழ்த்தது.

எங்கள் தெருக் காளியப்பன் அன்று கடலைக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு வண்டி கட்டியிருந்தான். திரும்புகிற வழியில், எருமப்பட்டி பஸ் நிற்கிற இடத்தில் பொன்னாத்தாளைப் பார்த்திருக்கிறான். வெள்ளை முக்காடு, வீங்கிப்போன முகம். தோள் இரண்டும் வெறிச்சென்று கிடந்தன. எங்கள் பக்கத்தில் கட்டுக்கழுத்திக்குத் தோள்மேல் தண்டட்டி ஆடாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான். புருஷன் போனால்தான் அதைக் கழற்றுவார்கள். அமாவாசையும் அதுவுமாக மயில்சாமியையும் பக்கத்தில் காணோம். காளியப்பன் கிட்டே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாட்டை முடுக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். கரி பஸ் அடுப்பு மூட்டிக் கிளம்புவதற்குள் மாட்டுவண்டி முந்திக்கொள்ளும் காலம் அது.

"நீ ஏனப்பா போயிக் கேக்கல?" என்று கேட்டேன்.

"எப்படிங்கக்கா போயிக் கேக்கறது, உங்கூட்டுக்காரரு செத்துட்டாருங்களான்னு?"

அதுவும் நியாயந்தான். எதிர்வீட்டு மாரியாயி உடனே, சேலத்தில் காலரா என்று சந்தையில் பேசிக்கொண்டதை எடுத்துவிட்டாள். மண்டிக்காரர்கள் தம்மம்பட்டிக்குத் தந்தி அடித்திருப்பார்கள் என்று அவளே சொன்னாள். காலராப் பிணத்தை ஊருக்குத் தரமாட்டார்கள், அங்கேயே சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிடுவார்கள் என்றும் அவளே சொன்னாள். நேரில் பார்த்தவள்கூட அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

சென்னியம்மாள் வாசலில் ஆமணக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் சுவரைத் தாண்டியபோது அவள் கையில் ஆமணக்கு முத்து அப்படியே இருந்தது. அப்புறம் கொண்டையை அவிழ்த்துப்போட்டு ஓலமிட்டாள். நான் அவளை எவ்வளவோ பேசியிருக்கிறேன், அவளும் என்னைப் பேசியிருக்கிறாள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு நானும் மாரில் அடித்துக்கொண்டேன். தெரு திரண்டுவிட்டது. பங்காளி வீட்டுப் பெரியசாமி, அவர்கள் வகையறாவுக்கெல்லாம் மூத்தவர், கட்டிலைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேளத்துக்கு ஆள் போயாயிற்று.

அந்தச் சமயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பொன்னாத்தாள் தெருவுக்குள் வந்தாள்.

அழுகைச் சத்தத்தைக் கேட்டதும் நின்றுவிட்டாள். அத்தைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அதற்குள் பொம்பளைகள் எல்லாரும் ஓடிப்போய் அவள்மேல் விழுந்தார்கள். "போயிட்டானே அம்மணி, மயிலு போயிட்டானே" என்று மாரியாயி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"யாரு? அவருங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

துக்கத்தில் புத்தி பேதலித்துக் கேட்கிறாள் என்று நாங்கள் இன்னும் பலமாக அழுதோம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து எங்களுக்கு உறுதியாகிவிட்டது. நாங்கள் அழுததைப் பார்த்து அவளுக்கு உறுதியாகிவிட்டது. நடுவில் இருந்த மயில்சாமியைக் கேட்க ஆளில்லை.

தலைக்கட்டைப் பார்த்தோமா என்றால் பார்த்தோம். மாரடித்து மண்டையை உடைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை. நான்தான் அவளைத் தூக்கி நிறுத்தி, முகத்துக்குத் தண்ணீர் காட்டலாம் என்று புறக்கடைக்கு நடத்திக்கொண்டு போனேன். துவைக்கிற கல்லில் உட்காரவைத்துவிட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டேன்.

புறக்கடைக்குப் பின்னால் இட்டேரி. இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவில் வண்டித்தடம். அந்த வழியாக ஓர் ஆள் வேகமாக வந்தான். தலையில் உருமால், உடம்பெல்லாம் புழுதி. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் யாருடைய லாரியிலோ தொத்திக்கொண்டு வந்து, விலக்கில் இறங்கிக் குறுக்கே நடந்திருக்கிறான். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், வெள்ளை முக்காட்டோடு கல்லில் உட்கார்ந்திருந்த பொம்பளையைப் பார்த்து உருமாலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க தவறுனது? எங்காத்தாளுங்களா?"

பொன்னாத்தாள் தலையைத் தூக்கினாள். தலையைச் சுற்றிக் கட்டு, தாடைக்கு அடியில் முடிச்சு, நடுவில் கைப்பிடி அளவுக்கு முகம், அதிலும் கரி.

"நீங்கதானுங்க" என்றாள்.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "நீங்க எந்த ஊருங்க?" என்றான்.

நான் சொம்புத் தண்ணீரை என் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். தாலி கட்டினவன். கூடப் படுத்தவன். அந்த இரண்டு காதும் போனால் அவளை இன்னாரென்று தெரியவில்லை அவனுக்கு. நான்கூட ஒரு நிமிஷம் இவள் வேறு யாரோவென்று சந்தேகப்பட்டேன், அப்படிக் கேட்டான்.

"இந்த ஊருதானுங்க" என்றாள் அவள். "உங்க பொண்டாட்டி."

மயில்சாமி தண்ணீர்த் தொட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டான்.

வாசலில் நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. சென்னியம்மாள் மகனைத் தொட்டுப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள். அப்புறம் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். செத்ததாகச் சேதி வந்தவனுக்கு ஆயுசு கெட்டி என்று பெரியசாமி சொன்னார். மேளக்காரரை நிறுத்தக் காளியப்பனையே ஓடவிட்டார்கள், அவனுக்கு அது தேவைதான். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் சென்னியம்மாளின் கண் மருமகள்மேல் விழுந்தது.

"புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கறான். தாலியறுத்தவளாட்டம் வெள்ளை முக்காடு எதுக்குடி உனக்கு?" என்று துண்டை இழுத்தாள். "தண்டட்டி எங்க?"

பொன்னாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தண்டட்டி இரண்டையும் கட்டில்மேல் வைத்தாள். மஞ்சள் வெயிலில் அது பளிச்சென்று கிடந்தது.

"அதைப் போட்ட காது எங்க?"

"அறுத்துத் தெச்சுட்டாங்கத்தை."

புருஷன் செத்தான் என்றபோது எழும்பின சத்தம் எங்கே, இப்போது விழுந்த மௌனம் எங்கே. மாரியாயி வாயில் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. கல்யாணமான பொம்பளை, ஒரு நோவு இல்லை நொடி இல்லை, தானாக ஊசிக்கும் கத்தரிக்கும் காதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதைத் தைத்தும் வைத்திருக்கிறார்கள், கோணிச் சாக்கைத் தைக்கிற மாதிரி. கட்டின் ஓரத்தில் துணி விலகின இடத்தில் ஒரு கறுப்பு நூல் முடிச்சு தெரிந்தது. அதைப் பார்த்தபிறகு இரண்டு பேர் எழுந்து விடுவிடென்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"மூளி" என்றாள் சென்னியம்மாள். "எம் மாமியா போட்டது, நான் போட்டது. மூளிக்கு இந்த ஊட்டுல எடமில்ல. பொறந்த ஊட்டுக்கே போயிரு."

"அங்கிருந்துதானுங்க தொரத்தி உட்டாங்க."

"ஆத்தா, சித்தெ இரு" என்று பெரியசாமி கையைக் காட்டினார். "ஏஞ்சாமி, எதுக்கு இப்படிப் பண்ணுன?"

"அவரு சொன்னதுக்குத்தானுங்க. இந்தக் காதோட வந்தா மண்டிக்காரரு சிரிப்பாரு, அதனால சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்னாருங்க. இப்ப காது சின்னதாயிருச்சு. கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

எல்லாத் தலைகளும் மயில்சாமி பக்கம் திரும்பின. செத்துப் பிழைத்தவன் முகத்தில் இருக்கவேண்டிய களை ஒன்றும் அவன் முகத்தில் இல்லை.

"மொதல்ல காது ஆறட்டும்" என்றான்.

"எட்டாம் நாளு சேலத்துலதானுங்க தையல் பிரிக்கோணும். நாளைக்கு உங்களோடவே வந்தர்றேன்."

"எருமையை ஆரு பாக்கறது?" என்றான்.

"பொன்னாத்தா கல்யாணமாகி வாரதுக்கு முன்னால ஆரு பாத்தாங்களாம்?" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லைதான். பெரியசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏம்ப்பா மயிலு," என்றார் அவர், "பொம்பளை ஒடம்பை வெட்டிட்டு வந்து நிக்குது. தை பொறக்கட்டும் மாசி பொறக்கட்டும்னு பேசறதுக்கு இது நேரமில்ல. சேலத்துல உன்ற ஊடு எந்தப் பக்கம்?"

"ஊடுங்களா?"

"ஆமா, ஊடு."

மயில்சாமி உருமாலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஊடு இல்லீங்க."

"பின்ன எங்க படுக்கற?"

"மண்டியிலதானுங்க. மூட்டை மேல. எங்களாட்டம் ஆளுங்கல்லாம் அங்கதான் படுக்கறது."

"உங்களாட்டம்னா? கணக்குப்பிள்ளைங்கல்லாமா?"

அவன் தன் தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கணக்கு எழுதறதில்லீங்க. மூட்டை எடுத்து அடுக்கறதுங்க."

சென்னியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் செத்தான் என்றபோது அவிழ்த்துப்போட்ட தலைமயிர் இன்னும் அப்படியே கிடந்தது. எந்தக் கிணற்றடியில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்கே கண்முன்னால் வந்திருக்கும். எனக்கு வந்தது. மற்ற நாளாக இருந்தால் அதை நான் ஒரு மாதத்துக்கு வைத்துச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கு ருசிக்கவில்லை.

பொன்னாத்தாள் புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்ப, எங்காதுல ஒண்ணும் குத்தமில்லீங்களா?"

அவன் உருமாலில் முகத்தைத் துடைத்தான்.

"கேக்கறேனுங்க. மண்டிக்காரரு சிரிப்பாருன்னது?"

"அவரு எதுக்குச் சிரிக்கப் போறாரு? அவரு பொண்டாட்டியே தண்டட்டிதான் போட்டிருக்குது" என்றான் மயில்சாமி. "ஊடு இல்லேன்னு உங்கிட்டச் சொல்ல வாய் வரல. என்னமோ ஒண்ணு சொல்லோணுமேன்னு சொன்னேன். நீ போயி இப்படிப் பண்ணுவீன்னு நான் கண்டனா?"

பொன்னாத்தாளின் கை தோளுக்குப் போயிற்று. காது வந்து இடிக்கிற இடத்தில் அந்தக் கை கொஞ்ச நேரம் தடவித் தேடிற்று. அங்கே ஒன்றும் இல்லை. பிறந்த நாளிலிருந்து இழுத்து இழுத்து வளர்த்தது, ஊரே அதிசயமாகப் பார்த்தது, சேலத்துக் குப்பையில் போய்விட்டது. ஒரு சாக்குக்காக. இப்போது அழுவாள் என்று நாங்கள் எல்லாரும் முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவள் அழவில்லை. அவனுக்காகத்தான் அன்றைக்கு அழவேண்டிய அழுகையையெல்லாம் முன்கூட்டியே அழுதுவிட்டாளே, அதுதானோ என்னவோ.

"மூட்டை மேல படுக்கற எடத்துல பொம்பளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப ஒரு குச்சு பாருங்க. கூரையா இருந்தாலுஞ் சரி. தையல் பிரிக்கற வரைக்கும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல கெடந்துக்கறேன், ரெண்டு பேரு அப்படிக் கெடந்தாங்க, நான் பாத்தேன். அதுக்குள்ள நீங்க பாக்கலீன்னா நான் நேரா மண்டி வாசல்ல வந்து உக்காந்துக்குவேன். இனி என்னைப் பாத்து ஆரும் சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே."

பெரியசாமி தொண்டையைக் கனைத்தார். ஏதோ தீர்ப்பு மாதிரி ஒன்று சொல்லத்தான் எழுந்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். சென்னியம்மாள் கட்டிலில் கிடந்த தண்டட்டியை எடுத்தாள், மடியில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தாலியறுத்தவள் அவள், தன் காதில் போட முடியாது, மருமகளுக்குக் காதில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் பொன்னாத்தாள் வந்தாள். ஒரு மூட்டை, ஒரு சருவச்சட்டி, இடுப்பில் புட்டுக்கூடை. வெள்ளைத் துண்டைக் காணோம். பச்சைச் சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். மயில்சாமி அவளுக்கு நாலடி பின்னால் வந்தான். நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனது விறகு வாங்க. மற்றப் பொம்பளைகள் எதற்கு வந்தார்களோ, அதை அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

டிரைவர் பின்பக்கம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். நேற்று வாயில் வைத்த கையை எடுக்காமல் நின்ற மாரியாயி, ஒன்றும் தெரியாதவள்போல் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"ஏ அம்மணி, அந்த டாக்டரு சேலத்துல எந்தத் தெரு?"

என் கையிலிருந்த விறகு கட்டோடு சரிந்தது. மாரியாயிக்குப் பேரன் பிறந்தாயிற்று.

"உங்கூட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னாருங்களாக்கா?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

"அவரு என்னத்தைச் சொல்றாரு. அந்தாளு என்ற மூஞ்சியைப் பாத்தே எத்தனையோ வருசமாச்சு. சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கத்தான்."

பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தெருப் பெயரைச் சொல்லவில்லை. "நல்லா ரோசனை பண்ணீட்டுக் கேளுங்கக்கா" என்றாள். அதற்குள் அடுப்புப் பற்றிப் புகை எழும்பி எல்லார் முகத்திலும் அடித்தது.

கண்டக்டர் மயில்சாமியிடம் கையை நீட்டினான். "சேலந்தானே? ஒண்ணா ரெண்டா?"

மயில்சாமி பெண்டாட்டியைப் பார்த்தான். கட்டுக்கு நடுவில் தெரிந்த அந்தச் சின்ன முகம் அவனுக்கு இன்னும் பழகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"ரெண்டு" என்றாள் பொன்னாத்தாள்.

அவன் மடியை அவிழ்த்தான்.